பன்னிரண்டு முடிச்சுக்கு ஒரு தடவை எண்ணெய்

என் மகன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் என் காடியை விற்கப் பார்த்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் பேச்சு வேறு எங்கேயாவது போய்விடும், எனக்கு அந்தப் பழக்கம் உண்டு.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்கிறேன், அடுத்த தெரு வாத்தியாரம்மா எழுதுகிறார். "பேசுறத அப்படியே போட்டா அச்சுல நல்லா இருக்காதுக்கா, நான் சரி பண்ணிக்கிறேன்" என்றார். பண்ணிக்கொள்ளுங்கள், கோபத்தில் மட்டும் கை வைக்காதீர்கள் என்று சொல்லியிருக்கிறேன். காடி என்பதைக் கார் என்று மாற்றட்டுமா என்றும் கேட்டார். வேண்டாம். கிள்ளானில் நாங்கள் காடி என்றுதான் சொல்வோம். பதினோரு வருடம் ஒரு பெயரில் கூப்பிட்டதை இப்போது எதற்கு மாற்றுவது?

சின்னக் காடிதான். ஈயப் பாத்திர நிறம். முன்னால் இரண்டு பேர் உட்கார்ந்தால் தோளும் தோளும் இடிக்கும். என் வீட்டுக்காரர் இருந்தவரை லோரி ஓட்டினார், நான் பக்கத்தில் உட்கார்ந்து போவேன். அவர் கியர் மாற்றும்போதெல்லாம் நானும் மனசுக்குள் மாற்றுவேன். அவர் போனபிறகு ஓட்டக் கற்றுக்கொண்டேன். லைசென்ஸுக்கான சட்டப் பரீட்சையை எனக்கு வாயால்தான் கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன், ஒரு கேள்விக்கு மட்டும் கேட்டவரிடமே சண்டைக்குப் போனேன். பாஸ் பண்ணிவிட்டார்கள்.

இந்தக் காடி எதற்கு எனக்கு இவ்வளவு முக்கியம் என்றால், பக்கத்து வீட்டு லாத்தாவுக்காக. எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். அவர் முஸ்லிம், என்னைவிட ஆறேழு வயது மூத்தவர்; அக்காவை அவர்கள் லாத்தா என்பார்கள். அவர் வீட்டுக்காரர் பாசார் பக்கம், அதாவது சந்தைக்குப் பக்கத்தில், சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார், இப்போது இல்லை. பிள்ளைகள் ஒருவன் ஜொகூரில், ஒருவன் பினாங்கில். லாத்தாவுக்குச் சிறுநீரகம் வேலை செய்யவில்லை. செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் பதினொரு மணிக்கு ரத்தம் சுத்தம் பண்ணும் இடத்துக்குப் போகவேண்டும். உள்ளே போகும்போது தானாகவே நடந்து போவார். நாலு மணி நேரம் கழித்துப் பிழிந்துபோட்ட துணியாக வெளியே வருவார். தாங்கிப் பிடித்து உட்காரவைத்து, ஜன்னலைத் திறந்துவிட்டு, அவர் "போ புள்ள" என்று சொல்லும்வரை நின்றுவிட்டுத்தான் கிளம்பவேண்டும். மூன்று வருடமாக நான்தான் கூட்டிப்போகிறேன். நடுரோட்டில் ஒரு நாள்கூட என் காடி நின்றதில்லை.

ஏன் நின்றதில்லை? நான் பார்த்துக்கொள்கிறேன், அதனால்.

வெள்ளிக்கிழமை காலையில் விளக்கேற்றுவதற்கு முன்னால் பானட்டைத் திறப்பேன். இஞ்சின் குளிர்ந்திருக்கும்போதுதான் பார்க்கவேண்டும். எண்ணெய்க் குச்சியை உருவி, பழைய கைலித் துணியில் துடைத்து, திரும்ப உள்ளே விட்டு, திரும்ப உருவவேண்டும். முதல் தடவை உருவியதைப் பார்த்து நம்பக்கூடாது. இரண்டு கோட்டுக்கு நடுவில் எண்ணெய் நிற்கவேண்டும். ரேடியேட்டர் தண்ணீர் டப்பாவிலும் அப்படித்தான், இரண்டு கோடு. எனக்கு எழுத்துதான் தெரியாது, கோடு தெரியும், எண்ணும் தெரியும். டயருக்குக் காற்று இருநூற்றுப் பத்து. பேட்டரி தலையில் வெள்ளையாகப் பூத்தால் சுடுதண்ணீர் ஊற்றிக் கழுவி, காய்ந்தபிறகு வாஸ்லின் தடவுவேன். மழைத் துடைப்பான் ரப்பரைத் துணியில் வினிகர் நனைத்துத் துடைத்தால் கண்ணாடியில் கீச்சென்று கத்தாது. இதெல்லாம் எனக்குச் சொல்லிக்கொடுத்தது எங்கள் போமென். மெக்கானிக்கை இங்கே போமென் என்போம். சீனர், சின்ன வயதில் எஸ்டேட்டில் தமிழ்ப் பிள்ளைகளோடு வளர்ந்தவர். "அக்கா, நீங்க வந்தா எனக்கு வேலையே இல்ல" என்று சிரிப்பார்.

கருப்பெண்ணெய், அதாவது இஞ்சின் எண்ணெய், மாற்றுவதுதான் பெரிய விஷயம். மாற்றியதும் அடுத்தது எப்போது என்று போமென் கண்ணாடியில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டுவார். ஆறு இலக்கம் எழுதியிருக்கும். ஓடுகிற மீட்டரில் அந்த ஆறு இலக்கத்தைத் தேடிப் பார்த்துக்கொண்டே இருக்க என்னால் முடியாது. "அக்கா, எண்ணெய் டாங்க் முழுசா பன்னெண்டு தடவ ரொப்புனதும் வந்துருங்க" என்றார். பெட்ரோலையும் இங்கே எண்ணெய் என்றுதான் சொல்வோம். அன்றைக்கு ஆரம்பித்ததுதான் கயிறு.

பூக்கட்டுகிற வெள்ளை நூலை மூன்றாகத் திரித்து, உள் கண்ணாடியில் தொங்கவிட்டேன். பெட்ரோல் ஸ்டேஷனில் டாங்க் ரொப்பினால் ஒரு முடிச்சு. பன்னிரண்டு முடிச்சு வந்தால் போமென் கடை. அந்தக் கயிற்றை அவிழ்த்து பிஸ்கட் தகரத்தில் போட்டுவிட்டுப் புதுக் கயிறு. டயர் மாற்றினால் அந்தக் கயிற்றில் பச்சை நூல் ஒன்றைச் சேர்த்துக் கட்டுவேன், பேட்டரிக்குச் சிவப்பு, பிரேக்குக்கு நீலம். காற்று ஃபில்டருக்கு மஞ்சள் நூல் வைத்தேன், பார்ப்பவர்கள் தாலிக்கயிறு என்று நினைத்துவிடப்போகிறார்கள் என்று ஊதாவுக்கு மாற்றினேன். பதினோரு வருடக் கயிறும் தகரத்தில் இருக்கிறது. நான் யாரிடமும் இதைச் சொன்னதில்லை. மகனிடம் சொன்னால் சிரிப்பான்.

காடியில் சில சின்ன வசதிகளும் பண்ணிவைத்திருந்தேன். லாத்தா ஏறி இறங்கப் பிடித்துக்கொள்ள, கதவுக்கு மேலே ஒரு பட்டை வார். போமென் போல்ட் போட்டு இறுக்கிக் கொடுத்தார், யானை தொங்கினாலும் அசையாது. கால் வைக்க ஒரு குட்டி முக்காலி. பக்கக் கண்ணாடி இரண்டிலும் ஐம்பது காசு அளவில் வட்டக் கண்ணாடி ஒட்டியிருந்தேன், மோட்டார் சைக்கிள்காரன் எந்தப் பக்கத்திலிருந்து பாய்கிறான் என்று தெரிய.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகன் பூச்சோங்கிலிருந்து வந்தான். ஆபீஸில் வேலை, எப்போதும் அவசரம். அன்று அவசரமில்லாமல் இருந்தான், அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்கவேண்டும். "காடிய கொஞ்சம் கழுவிட்டு வரேம்மா" என்று சாவியை எடுத்துக்கொண்டு போனான். நாலு மணி நேரம் ஆளைக் காணோம். திரும்பி வந்து வாசலில் நின்று ஹாரன் அடித்தான்.

"அம்மா, கண்ண மூடு."

"எதுக்குடா?"

"மூடு லா. சர்ப்ரைஸ்."

கண்ணைத் திறந்தால், உண்மையைச் சொல்கிறேன், முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. காடி பளபள என்று நின்றது. கண்ணாடி எல்லாம் கறுப்பு ஒட்டியிருந்தான். முன் விளக்கு வெள்ளையாகக் கண்ணைக் குத்தியது. சீட்டுக்குச் சிவப்பும் கறுப்பும் கலந்த தோல் உறை. பின்னால் வருவதைப் பார்க்க கேமரா, அதற்கு முன்னால் ஒரு குட்டி டிவி. ஸ்டீயரிங்குக்குக்கூடச் சட்டை போட்டிருந்தான். கல்யாணப் பெண்ணைப் பார்க்கிற மாதிரி சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். உள்ளே உட்கார்ந்து நிமிர்ந்தபோதுதான் தெரிந்தது, கண்ணாடி வெறுமனே இருக்கிறது.

"கயிறு எங்கடா?"

"எந்தக் கயிறு?"

"இங்க தொங்குனது."

"ஓ, அந்தச் சாமிக் கயிறா? ரொம்ப அழுக்கா இருந்துச்சும்மா. கடைக்காரன் வெட்டிக் குப்பையில போடப் போனான். நான்தான் பாவம் வந்துரும்னு வாங்கி, வர்ற வழியில கோயில் அரசமரத்துல கட்டிட்டு வந்தேன்." பாராட்டை எதிர்பார்த்து நின்றான்.

"அது சாமிக் கயிறுன்னு உனக்கு எந்தச் சாமி சொல்லுச்சு?"

"முடிச்சு முடிச்சா இருந்துச்சு. வேண்டுதல்னு நெனச்சேன்."

"ஸ்டிக்கர் எங்க?"

"டின்ட் ஒட்டணும்னா சொரண்டித்தான்மா ஆகணும்."

"லாத்தாவோட வாரு?"

"அசிங்கமா தொங்கிட்டு இருந்துச்சு, கழட்டிட்டேன். புதுசா இருக்குல்ல காடி? அப்புறம் என்னம்மா?"

நான் இறங்கி உள்ளே போய் அரிசி களைந்தேன். பேசினால் அவன் மனைவிக்குக் கேட்கும் அளவுக்குப் பேசியிருப்பேன், அவள் இருந்தது பூச்சோங்கில்.

மறுநாள் காலை கோயிலுக்குப் போனேன். அரசமரத்தடியில் எத்தனை கயிறு என்கிறீர்கள்? மஞ்சள், சிவப்பு, கறுப்பு, தொட்டில், துணிமூட்டை. கல்யாணம் ஆகவேண்டும் என்று ஒருத்தி, பிள்ளை பரீட்சையில் பாஸாகவேண்டும் என்று ஒருத்தி, எல்லாருடைய கவலையும் அந்த மரத்தில் தொங்கியது. நான் மட்டும் மரத்தைச் சுற்றி வந்து என் காடியின் கணக்கைத் தேடினேன். வெள்ளை நூல், அதனால் கண்டுபிடித்துவிட்டேன். அவிழ்க்க ஆரம்பித்ததும் பின்னாலிருந்து ஒரு பெரியவர் சத்தம் போட்டார்.

"ஏம்மா, அடுத்தவங்க வேண்டுதலை அவுக்கலாமா? பாவம் இல்ல?"

"இது வேண்டுதல் இல்லீங்க. என் காடிக்கு எத்தன தடவ எண்ணெய் ரொப்புனேன்னு போட்ட முடிச்சு."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அத ஏம்மா சாமிகிட்ட கொண்டாந்து கட்டுனீங்க?"

"நான் கட்டலீங்க. நான் பெத்தது கட்டுச்சு."

மரத்தில் மகன் போட்டிருந்த முடிச்சை அவிழ்த்து எண்ணினேன். ஒன்பது. இன்னும் மூன்று தடவை ரொப்பலாம். பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு வந்து பழைய இடத்திலேயே கட்டினேன். கோபம் பாதி அடங்கியது. சரி, ஆசையாகப் பண்ணியிருக்கிறான், விடு என்று நினைத்தேன். அப்படி நினைத்ததற்காகத்தான் இப்போது என்மேலேயே எனக்குக் கோபம்.

சனிக்கிழமை ஒன்பதரை மணி. வெளியே ஒரு பெண் வந்து கேட்டுக்குள் எட்டி எட்டிப் பார்த்தாள். இருபத்தைந்து வயது இருக்கும். பிரிக்பீல்ட்ஸில் சேலைக் கடையில் வேலை பார்க்கிறாளாம், வீடு செந்தூலில்.

"ஆன்டி, காடி விக்கிறதுக்குப் போட்டிருந்துச்சு. பாத்துட்டுப் போலாமா?"

"எந்தக் காடி?"

"இதோ, இதுதான் ஆன்டி. அந்த அண்ணே நாளைக்கு வரச் சொன்னாரு, ஆனா எனக்கு நாளைக்கு வேலை. அதான் சும்மா வெளிய இருந்து பாத்துட்டுப் போயிரலாம்னு வந்தேன்."

"எந்த அண்ணே?"

போனை நீட்டினாள். என் காடி அதில் இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமையே எடுத்த படம், சிவப்புச் சீட்டு தெரிகிற மாதிரி. எனக்குப் புரிந்துவிட்டது. ஆசைக்குப் பண்ணவில்லை, விலைக்குப் பண்ணியிருக்கிறான். ஆனாலும் என்ன எழுதியிருக்கிறான் என்று தெரியவேண்டுமே.

"படிச்சுச் சொல்லும்மா. எனக்குப் படிக்கத் தெரியாது."

அவள் படித்தாள். "ஒரே ஓனர். வயசான ஆன்டி ஓட்டுனது. பாசாருக்கும் கோயிலுக்கும் மட்டும்தான் போகும்."

"பாசாருக்கா? தீபாவளிக்குச் சேலை எடுக்க பிரிக்பீல்ட்ஸ் வரைக்கும் யார் ஓட்டிட்டுப் போறா, என் பாட்டனா? ஹைவேயில லோரிக்காரனை ஒதுங்கச் சொல்லி விளக்கடிக்கிறவடி நான்!"

"ஆன்டி, நான் படிக்கிறேன், அவ்வளவுதான்."

"படி, படி."

"புது சீட் கவர், ரிவர்ஸ் கேமரா, டின்ட். சர்வீஸ் ரெக்கார்டு இல்ல. ஆனா…"

"என்ன இல்ல?"

"சர்வீஸ் ரெக்கார்டு, ஆன்டி. எப்பெப்போ எண்ணெய் மாத்துனாங்க, என்னென்ன பண்ணாங்கன்னு எழுதி வெச்சிருப்பாங்க இல்ல, அது."

விற்கப் பார்த்ததைக்கூட ஒரு மூலையில் வைத்துவிடலாம். பதினோரு வருடம் வெள்ளிக்கிழமை தவறாமல் குனிந்து குனிந்து பார்த்திருக்கிறேன். உலகத்துக்கே தெரிகிற மாதிரி ஒன்றும் இல்லை என்று எழுதியிருக்கிறான்! நான் அந்தப் பெண்ணை வாசல் நாற்காலியில் உட்காரவைத்து, உள்ளே போய் பிஸ்கட் தகரத்தைக் கொண்டுவந்து அவள் மடியில் கவிழ்த்தேன்.

"எண்ணு."

"என்ன ஆன்டி இது?"

ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினேன். இது பேட்டரி மாற்றியபோது, இது நாலு டயரும் மாற்றியது, இதில் பிரேக். அவள் ஒரு கயிற்றை எடுத்து விரலால் தடவி எண்ணினாள். பன்னிரண்டு. இன்னொன்றை எண்ணினாள். பன்னிரண்டு. "ஆன்டி, இதுல மட்டும் பதிமூணு இருக்கு" என்றாள். அந்த வருடம் தீபாவளிக்குப் போமென் கடை பூட்டியிருந்தது, ஒரு டாங்க் கூட ஓட்டிவிட்டேன், அதற்குக்கூட என்னிடம் கணக்கு இருக்கிறது என்றேன். எழுந்து பானட்டைத் திறந்தேன். குச்சியை அவளே உருவிப் பார்க்கவைத்தேன். கோபத்தில் மூச்சு வாங்கிக்கொண்டே சொல்லிக்கொடுத்தேன், ஆனால் அவள் "ஓ, ரெண்டாவது தடவ உருவுறதுதான் கணக்கா!" என்றபோது எனக்குச் சிரிப்பும் வந்துவிட்டது. பிள்ளை கெட்டிக்காரி.

அதற்குள் மணி பத்தரை. லாத்தா கூடையோடு வந்துவிட்டார். பழக்கத்தில் வாரைப் பிடிக்கக் கையைத் தூக்கினார், வார் இல்லை. செவ்வாய், வியாழன் இரண்டு நாளும் நான்தான் தூக்கி உட்காரவைத்தேன். அன்று அந்தப் பெண் ஓடிவந்து பிடித்தாள். தோல் உறையில் லாத்தா வழுக்கிக்கொண்டு கீழே போனார்.

"ஏன் புள்ள, காடிக்குப் பட்டுச்சேலை கட்டிவிட்டா நான் எதைப் புடிச்சிக்கிட்டு உக்காருறது? உம் மவன் என்னை வழுக்கிவிட்டு ஆத்துல தள்ளப் பாக்குறானா?"

"தள்ளலாம்னுதான் லாத்தா நெனச்சிருக்கான். காடிய விக்கப் போட்டுட்டான்."

லாத்தா கூடையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார். பிறகு, "மொதல்ல ஓட்டு. மத்தத அப்புறம் பேசலாம்" என்றார்.

அந்தப் பெண்ணும் பின்னால் ஏறிக்கொண்டாள். ஓட்டிப் பார்த்த மாதிரியும் ஆகும், லாத்தாவைப் பிடித்த மாதிரியும் ஆகும் என்றாள். போய் லாத்தாவை இறக்கி, உள்ளே நாற்காலியில் சாய்த்து, போர்வை போர்த்திவிட்டு வெளியே வந்தோம். அந்தப் பெண் கதவருகே நின்று, அங்கே வரிசையாகப் படுத்திருக்கிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆன்டி, இந்த மாதிரி ஒரு காடிதான் எனக்கு வேணும். ஆனா இத நான் வாங்கிட்டுப் போயிட்டா, அந்தப் பாட்டி எதுல வருவாங்க?"

முன்பின் தெரியாத பிள்ளை கேட்ட கேள்வி இது. நான் பெற்றவனுக்கு இது தோன்றவில்லை.

போனில் அவன் படத்தை அழுத்திக் குரலில் செய்தி அனுப்பினேன். "நீ இன்னைக்கு நாலு மணிக்கு வீட்டுக்கு வர்ற. வரலைன்னா நான் பூச்சோங்குக்கு வருவேன். காடியிலதான் வருவேன்."

நாலு மணிக்கு வந்துவிட்டான். லாத்தாவை வீட்டில் படுக்கவைத்துவிட்டு அப்போதுதான் நான் சமையலறைக்குள் போயிருந்தேன்.

"அம்மா, கோவப்படாம கேளு. உனக்கு அறுபத்தெட்டு வயசு. இப்போ போன்ல கூப்புட்டா வீட்டு வாசலுக்கே காடி வருது. எதுக்கு நீ ஓட்டணும்?"

"வர்றவன் லாத்தாவத் தூக்கி வெளிய உக்கார வெப்பானா? மயக்கம் தெளியற வரைக்கும் நிப்பானா?"

"அவங்களுக்கு அவங்க பிள்ளைங்க இருக்காங்கல்ல?"

"எனக்கும் ஒன்னு இருக்கு. என்ன பண்ணுச்சு பாத்தியா?"

அவனுக்கும் கோபம் வந்தது. "பக்கத்து வீட்டு கேட்ட இடிச்சியா இல்லையா? பம்ப்பர்ல பச்சைப் பெயின்ட் ஒட்டியிருக்கு, நான் பாக்கலன்னு நெனச்சியா? தெரியாத நம்பர்ல இருந்து போன் வந்தா எனக்கு நெஞ்ச அடைக்குதும்மா. ஆஸ்பத்திரியிலிருந்து வர்ற போனோன்னு."

இடித்தேன். அது உண்மை. இரண்டு மாதத்துக்கு முன்னால் பின்னுக்கு எடுக்கும்போது. அவன் பயந்ததும் உண்மைதான், முகத்தில் தெரிந்தது. பயந்தவன் என்னிடம் வந்து பயமாக இருக்கிறது என்று சொல்லியிருக்கலாமே. திருட்டுத்தனமாகப் படம் எடுத்துப் போடுவதா?

அதற்குள் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து லாத்தாவின் குரல் வந்தது. படுத்தபடியே பேசினார். "தம்பி, அது என் கேட்டு. இடி வாங்குனது நானு. உங்கிட்ட நான் புகார் குடுத்தேனா?"

"நீங்க ரெஸ்ட் எடுங்க, ஆன்டி."

"ரெஸ்ட்டுதான் எடுக்குறேன். நீங்க போடுற சத்தத்துல எங்க எடுக்க?"

மகன் குரலைத் தாழ்த்தினான். "அம்மா, காடி என் பேர்ல இருக்கு."

வாயைத் திறந்து அதையும் சொல்லிவிட்டான். வாங்கும்போது கையெழுத்துப் போடத் தெரியாதவர் பேரில் கடன் எழுதுவது சிரமம், மகன் பேரில் எழுதலாம் என்று கடைக்காரர் சொன்னார். நானும் எழுதச் சொன்னேன். என் பிள்ளைதானே, அவன் பேர் இருந்தால் என்ன, என் பேர் இருந்தால் என்ன. மாதாமாதம் கட்டியது நான், வெள்ளிக்கிழமை குனிந்தது நான், கிராண்டில், அதாவது காடியின் பதிவுத் தாளில், மட்டும் அவன்.

"அப்போ என் பேருக்கு மாத்திக் குடு."

"என்னம்மா விளையாடுறியா?"

"மாத்த முடியாதுன்னா வித்துக்க. செவ்வாய்க்கிழமையிலிருந்து நானும் லாத்தாவும் பஸ்ல போறோம். வர்ற வழியில அவங்க விழுந்தா உன் நம்பரக் குடுத்துர்றேன். தெரியாத நம்பர்ல இருந்து போன் வரும், எடு."

அவன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். பிறகு சொன்னான்: "பேர் மாத்தணும்னா காடிய இன்ஸ்பெக்‌ஷனுக்குக் கொண்டு போகணும். பதினோரு வருஷக் காடி. பாஸானா மாத்தித் தரேன். பாஸாகலைன்னா விக்கிறதுதான்."

பாஸாகாது என்றுதான் அவன் நினைத்தான். சரி என்றேன். அந்த விளம்பரத்தை என் முன்னாலேயே போனிலிருந்து எடுக்கவைத்தேன். எடுத்துவிட்டானா என்று எனக்குப் படிக்கத் தெரியாதே, அதனால் செந்தூல் பெண்ணுக்குப் போன் பண்ணித் தேடிப் பார்க்கச் சொல்லி உறுதிப்படுத்திக்கொண்டேன்.

அவன் லீவு போட்ட திங்கட்கிழமை இரண்டு பேரும் போனோம். உருளைமேல் டயரை ஏற்றிப் பிரேக் பார்த்தார்கள். குழிக்குள் இறங்கி அடியில் தட்டிப் பார்த்தார்கள். நான் வெளியே கண்ணாடிக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இன்றைக்கு இது தோற்றால் லாத்தா பஸ்ஸில்தான். கொஞ்ச நேரத்தில் ஒரு மலாய்க்கார அதிகாரி தாளோடு வந்தார். பிரேக் நல்லா இருக்கிறது, டயர் நல்லா இருக்கிறது, அடியில் ஒரு சொட்டு ஒழுகல் இல்லை, ஆனால் பாஸ் இல்லை என்றார்.

மகன் என் பக்கம் திரும்பவே இல்லை. ஏன் பாஸ் இல்லை என்று கேட்டேன். முன் கண்ணாடிக் கறுப்பு ரொம்ப அடர்த்தி. முன் விளக்கு போடக்கூடாத விளக்கு.

"சியாப்பா பாசாங்?" என்று கேட்டார். யார் மாட்டியது என்று.

நான் வாயால் சொல்லவில்லை. கையை நீட்டி மகனைக் காட்டினேன். அதிகாரி அவனை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையை நான் வீட்டுக்குக் கொண்டுவந்து லாத்தாவுக்கு மூன்று தடவை செய்து காட்டினேன்.

அன்று சாயந்திரம் வாசலில் வைத்து மகனே டின்ட்டைச் சுரண்டினான். வெயில் முதுகில் அடித்தது. சோப்புத் தண்ணீர் தெளித்து, பழைய அட்டையால் ஓரத்திலிருந்து கிளப்பவேண்டும், இழுத்தால் பசை தங்கிவிடும் என்று நான் நாற்காலி போட்டு உட்கார்ந்து சொல்லிக்கொண்டே இருந்தேன். "தெரியும்மா" என்றான். "தெரிஞ்சா ஒட்டியிருக்க மாட்ட" என்றேன். பழைய விளக்குகளைப் போமென் திரும்ப மாட்டிக்கொடுத்தார், வாரையும் போல்ட் போட்டு இறுக்கினார். தோல் உறையை நானே கழற்றினேன். கேமரா மட்டும் இருக்கட்டும் என்று விட்டுவைத்தேன். லாத்தா தன் கேட்டுக்குப் புதுப் பெயின்ட் அடிக்கப்போகிறாராம், பின்னுக்கு எடுக்கும்போது பார்த்து எடுக்கவேண்டுமே.

இரண்டாம் தடவை பாஸ்.

பேர் மாற்றும் அலுவலகத்தில் சரியான கூட்டம். எனக்கு ஒரே பயம், அங்கே கையெழுத்துக் கேட்பார்கள், நான் முழிப்பேன், இவன் பார்த்தியா என்பான் என்று. கையெழுத்தே கேட்கவில்லை. பெருவிரலை ஒரு சின்னப் பெட்டிமேல் வைக்கச் சொன்னார்கள். அவன் வைத்தான், உடனே எடுத்துக்கொண்டது. நான் வைத்தேன், எடுக்கவில்லை. இன்னொரு தடவை. எடுக்கவில்லை. எத்தனை வருடம் பாத்திரம் தேய்த்த விரல், ரேகை எங்கே மிச்சமிருக்கும்? கவுன்டரில் இருந்த அம்மா ஈரத்தாள் ஒன்றைக் கொடுத்து, "மாச்சிக், துடைச்சிட்டு வைங்க" என்று மலாயில் சொன்னார். துடைத்து வைத்தேன், எடுக்கவில்லை. பின்னால் வரிசையில் ஒருவர் உச்சுக்கொட்டினார். மகன் திரும்பி, "கொஞ்சம் இருங்க பாஸ், எங்கம்மா" என்றான். பிறகு என் விரல்மேல் அவன் விரலை வைத்து அழுத்தினான். பீப் என்றது.

தாள் வந்தது. நான் அதை அவனிடம் நீட்டினேன்.

"படி."

"வீட்ல போய் படிக்கிறேம்மா."

"இங்கயே படி. சத்தமா."

என் பேரைப் படித்தான். முழுசாக, என் அப்பா பேரோடு. அவன் வாயால் என் பேர் வந்து நான் அதுவரை கேட்டதே இல்லை. அவன் அப்பாவும் கூப்பிட்டதில்லை, "ஏ" என்பார், "இந்தா" என்பார். என் பேர் அவ்வளவு நீளம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. உச்சுக்கொட்டியவர்கூட எட்டிப் பார்த்தார்.

கோபம் போய்விட்டதா என்று வாத்தியாரம்மா கேட்கிறார். இல்லை. இதோ சொல்லும்போதே காது சுடுகிறது. பாசாருக்கும் கோயிலுக்கும் மட்டுமாம்!

வெளியே வந்ததும் சாவிக்குக் கையை நீட்டினான், பழக்கம். நான் கொடுக்கவில்லை. லாத்தா உட்காரும் சீட்டில் ஏறி, மேலே வாரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். கிள்ளான் வரும்வரை ஒவ்வொரு சிவப்பு விளக்குக்கும் அவன் வலது கால் மட்டும் அந்தப் பக்கத்தில் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தது.